540 ரூபாய்க்கு வாங்கிய நரி

மதுரை தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடந்த சமயம், கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானமாகப் பார்த்துப் போய் ஒரு நாவல் வாங்கினேன். விலை 600 ரூபாய், பத்து சதவீதக் கழிவு போக 540. கெட்டி அட்டை, 480 பக்கம். அட்டையில் பிடரி பறக்க ஒரு வெள்ளைக் குதிரை. பின்னட்டையில், குதிரைகளின் உலகத்துக்குள் நம்மைக் கூட்டிப்போகும் என்று நாலு வரி. அந்த நாலு வரியையும் முதல் பக்கத்தையும் மட்டும் படித்துவிட்டுக் காசை எடுத்து நீட்டியது என் தப்புத்தான். அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

நாவலின் பெயரையும் எழுதியவர் பெயரையும் சொல்லப்போவதில்லை. அவர் இன்னும் எழுதுவார், நானும் இன்னும் வாங்குவேன். ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது.

குதிரை என்றால் எனக்கு மனசு கொஞ்சம் இளகிவிடும். காரணம் தாத்தா. மதுரை ரயில் நிலைய வாசலில் குதிரை வண்டி ஓட்டியவர். ஜட்கா என்ற சொல்லையெல்லாம் நான் பிற்பாடு புத்தகத்தில்தான் படித்தேன். எங்கள் வீட்டில் அது வெறும் வண்டி. இரண்டு சக்கர வண்டியில் பின்பக்கம் ஆள் கூடிவிட்டால் ஏர்க்கால் மேலே தூக்கும், குதிரையின் வயிற்றுப் பட்டை இறுகும். அதனால் தாத்தா வழிநெடுக "முன்னாடி நகந்து உக்காருங்க, முன்னாடி, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே வருவார். குதிரைக்குச் சிட்டு என்று பெயர். செவலை, பெட்டை, மட்டக்குதிரை. சாயங்காலம் ஆனால் அப்பத்தா கொள்ளு வேகவைப்பாள். அந்த வாசனைதான் எங்கள் வீட்டில் விளக்கு வைக்கிற நேரம். தாத்தா வந்ததும் உடனே தண்ணீர் காட்டமாட்டார். வண்டியிலிருந்து அவிழ்த்து, மூச்சு அடங்கும்வரை தெருவில் நடக்கவிட்டு, அப்புறம் தண்ணீர், அப்புறம் தீனி. அது தின்னத் தொடங்கிய பிறகுதான் அவர் கை கழுவுவார். நான் ஆறாவது படிக்கும்போது, 1982இல், வண்டியும் குதிரையும் கைமாறின. தெருவுக்கு இரண்டு ஆட்டோ வந்துவிட்டிருந்தது.

இப்போது சிம்மக்கல் பக்கம் ஒரு சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஆய்வேடு, பத்திரம், கல்யாணப் பத்திரிகை, நடுநடுவே யாராவது ஒருவருடைய கவிதைத் தொகுப்பு. பகல் முழுக்க மற்றவர்கள் எழுதியதைத் தட்டச்சு செய்கிறவளுக்கு ராத்திரி படிப்பதற்கு நல்லதாக ஒன்று வேண்டாமா. அந்த ஆசையோடுதான் நாவலைப் பிரித்தேன்.

தங்கக் குதிரையில் அழகர் வைகையில் இறங்கும் காட்சியோடு தொடங்குகிறது. மதுரையைப் பற்றி எழுதினால் அங்கேதான் தொடங்க வேண்டும் என்று யாராவது சட்டம் போட்டிருக்கிறார்களோ என்னவோ. போகட்டும். கதை இரண்டு கிளையாகப் போகிறது. ஒன்றில், மதுரையில் குதிரை வண்டிக்காரரின் மகன், அப்பா செத்ததும் சென்னைக்குப் போய் கிண்டி பந்தய லாயத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, ஜாக்கியாகிறான். இன்னொன்றில், 13ஆம் நூற்றாண்டுப் பாண்டிய நாடு. காயல் துறைமுகத்தில் அரபிக் குதிரைகளை இறக்குகிற லாயக் கண்காணிப்பாளன் ஒருவன். கேட்கும்போதே ஆசை வருகிறதல்லவா? எனக்கும் வந்தது. 36 பக்கம் வரை வந்தது.

37ஆம் பக்கத்தில் குதிரைக்கு லாடம் அடிக்கிறார்கள். நாலு பேர் சேர்ந்து கயிறு போட்டுக் குதிரையைத் தரையில் சாய்த்து, கால்களைச் சேர்த்துக் கட்டி, ஒருவர் கழுத்தில் உட்கார்ந்துகொள்ள, ஆணி இறங்கும்போது குதிரை வலியில் கதறுகிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது மாட்டுக்கு லாடம் அடிக்கிற முறை. சந்தைப்பேட்டைகளில் மாட்டைச் சாய்த்துக் கட்டி அடிப்பதை எழுதியவர் எங்கோ பார்த்திருக்கிறார். மாட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குதிரையை வைத்துவிட்டார். குதிரைக்கு நின்றபடிதான். காலைப் பின்பக்கமாக மடக்கித் தூக்கி, லாடக்காரர் தன் இரண்டு தொடைக்கு நடுவில் குளம்பை இடுக்கிக்கொண்டு அடிப்பார். ஆணி போவது குளம்பின் வெளி ஓட்டில். நம் நகம் மாதிரி அது. சரியாக அடித்தால் வலி கிடையாது. சிட்டு லாடம் அடிக்கும்போது கண்ணைச் செருகிக்கொண்டு நிற்கும், லாடக்காரர் முதுகில் பாதி பாரத்தைப் போட்டுக்கொள்ளும். "ஏண்டி, நான் என்ன ஒனக்குத் தூணா" என்று அவர் திட்டுவார். ஆறு, ஏழு வாரத்துக்கு ஒரு முறை இது நடக்கும். குளம்பு வளர்ந்துகொண்டே இருப்பதுதானே.

சரி, ஒரு தப்பு, மன்னிக்கலாம் என்று தாண்டினேன். அடுத்தது பெரிய அடி. பந்தயத்துக்கு முதல் நாள் ராத்திரி எதிரி ஒருவன் குதிரைக்கு விஷம் வைக்கிறான். குதிரை வாந்தி எடுக்கிறது. அந்த வாந்தியின் நிறத்தைப் பார்த்துத்தான் நாயகன் விஷம் என்று கண்டுபிடிக்கிறான், அதை வைத்துத்தான் வில்லன் மாட்டுகிறான். எனக்கே சந்தேகமாக இருந்ததால், கால்நடை மருத்துவராக இருக்கும் சொந்தக்காரப் பெண்ணுக்கு ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டேன்.

"சித்தி, குதிரைக்கு வாந்தியே வராது."

"வராதுன்னா? எப்பவாவதா?"

"எப்பவுமே வராது. இரைப்பை வாசல்ல இருக்குற தசை அப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கும். உள்ள போனது போனதுதான். அதனாலதான் குதிரைக்கு வயித்துவலின்னா நாங்க அப்படிப் பயப்படுவோம்."

வயிறு உப்பும், கிடந்து உருளும், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், காலால் தரையைப் பிறாண்டும், வியர்த்து ஊற்றும். வாந்தி மட்டும் எடுக்காது. அதோடு, குதிரை வாயால் மூச்சு விடாது, மூக்கால் மட்டும்தான் என்பதையும் அவள் சொன்னாள். நாவலில் எனக்குத் தெரிந்து ஏழு இடத்தில் குதிரைகள் நாய் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்குகின்றன. பாண்டிய நாட்டுக் கிளையில் ஒரு தூதன் மதுரையிலிருந்து காயலுக்கு, 150 கிலோமீட்டருக்கு மேல், ஒரே குதிரையில் ஒரே பாய்ச்சலாகப் போகிறான். நாலுகால் பாய்ச்சலில் எந்தக் குதிரையும் சில கிலோமீட்டர்தான் தாங்கும். நடத்தி, பெருநடை விட்டு, நிறுத்தி, தண்ணீர் காட்டிப் போனால் அத்தனை தூரமும் முடியும்தான். ஆனால் அந்தத் தூதனுக்குத் தண்ணீர் காட்ட நேரமில்லை, அவன் தேசத்தைக் காப்பாற்ற வேண்டும்.

மதுரைக்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு கதை ஞாபகம் வராமல் இருக்காது. குதிரை வாங்க அரசன் கொடுத்தனுப்பிய பணத்தை மாணிக்கவாசகர் என்கிற திருவாதவூரார் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவழித்துவிட, சொக்கர் நரிகளைப் பரிகளாக்கி ஓட்டிவந்த கதை. ஆவணி மூலத் திருவிழாவில் இப்போதும் அந்த லீலை நடக்கிறது. அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் கயிறு மாற்றுவது. வியாபாரியாக வந்தவர் குதிரைகளைச் சும்மா விட்டுவிட்டுப் போவதில்லை. கயிற்றைக் கைமாற்றிக் கொடுக்கிறார். கயிறு மாறிவிட்டால் வியாபாரம் முடிந்தது, அதற்கு மேல் குதிரைக்கு என்ன ஆனாலும் வாங்கியவர் பாடு. ராத்திரி அவ்வளவும் நரியாகி, ஊளையிட்டு, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடுகின்றன. நானும் 540 ரூபாய் கொடுத்துக் கயிறு மாற்றியாகிவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு ஊளைச் சத்தம் கேட்டால் யாரிடம் போய்ச் சொல்ல.

கோபத்தில் பென்சிலை எடுத்தேன். அதில் ஒரு நல்ல காரியம் நடந்தது, அதைச் சொல்ல வேண்டும். தகவல் தப்பாக இருந்த இடத்தில் ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். படித்துக்கொண்டே இருக்கும்போது மனசு வேறெங்கோ போய், நாளைக்கு யாருக்கு என்ன டெலிவரி என்று யோசிக்கத் தொடங்கிய இடத்தில் ஒரு வட்டம் போட்டேன். இரண்டையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும் என்று எப்படித் தோன்றியதோ தெரியாது. கடையில் பிழை திருத்தும்போது எழுத்துப்பிழைக்கு ஒன்று, விடுபட்ட வரிக்கு ஒன்று என்று வேறு வேறு குறி போட்டுப் பழகிய கை, அதனால் இருக்கலாம்.

எங்களுக்கு ஒரு சின்ன வாசகர் கூட்டம் உண்டு. ஆறு பேர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வடக்கு மாசி வீதியில் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில், சுக்குக் காபியோடு. அந்த மாதம் நான்தான் இந்த நாவலைப் பற்றிப் பேசினேன். முக்கால் மணி நேரம் பேசினேன். லாடம், வாந்தி, மூச்சு, 150 கிலோமீட்டர். சித்திரையில் சினைப்பட்ட குதிரை கார்த்திகையில் குட்டி போடுகிறது, எங்கேயாவது உண்டா, குதிரைக்குப் பதினோரு மாதம் ஆகுமே என்றெல்லாம் அடுக்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் குஷியாக இருந்தது. கடைசியில், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"அம்மா, நீங்க நாவல் படிக்கல. லாடம் எண்ணியிருக்கீங்க."

சுருக்கென்றது. அதைவிட, கூட்டத்தில் இருக்கும் கல்லூரி மாணவி ஒருத்தி, தனக்கு அந்த நாவல் பிடித்திருந்தது என்றாள். ஜாக்கியின் பசி பற்றி வரும் பக்கங்கள் தன்னை உலுக்கிவிட்டன என்றாள். ஜாக்கிக்கு எடை கூடக்கூடாது. சேணத்தோடு சேர்த்து நிறுப்பார்கள். பந்தய நாளுக்கு முன்னால் சோற்றை விட்டு, தண்ணீரைக் குறைத்து, வியர்வையில் எடையை இறக்குவார்கள். நாயகன் பரோட்டாக் கடை வாசலில் நின்று கல்லில் எண்ணெய் பொரிகிற சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புகிற ஒரு பக்கம் இருக்கிறது. அவள் அதை வாசித்துக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. நான் அந்தப் பக்கத்தில் குறி ஒன்றும் போட்டிருக்கவில்லை, அதைத் தாண்டி அடுத்த தப்பைத் தேடி ஓடியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து குறிகளை எண்ணினேன். பெருக்கல் குறி 23. வட்டம் 9. இரண்டும் ஒரே பக்கத்தில் விழுந்த இடம் ஒன்றே ஒன்று. நான் எதிர்பார்த்தது வேறு. தப்பு இருக்கிற இடத்தில்தான் கதை செத்துப்போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். அந்த லாடம் அடிக்கிற காட்சியையே திரும்பப் படித்தால், முழுக்கத் தப்பு, ஆனால் கழுத்தில் உட்கார்ந்திருப்பவன் குதிரையின் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பான். அவன் மகன் பார்த்துக்கொண்டிருப்பான். அது உயிரோடு இருக்கிறது. நேர்மாறாக, பாண்டிய நாட்டு லாயத்தில் குதிரைகளின் ஐந்து கதி, பதினெட்டு சாரி, சுழிகளின் பலன், நிறத்துக்கு ஒரு பெயர், வயதுக்கு ஒரு பெயர் என்று 14 பக்கம் வருகிறது. எல்லாம் நூல்களில் இருப்பது, ஒரு பெருக்கல் குறிகூடப் போட முடியாது. அங்கே மூன்று வட்டம் போட்டிருக்கிறேன். அகராதியைப் பிரித்து வைத்து எழுதியது அப்படியே தெரிகிறது. அந்தப் பெயர்களைச் சொல்கிறவன் குதிரையைத் தொடவே இல்லை.

என் 23இல் ஒன்று குறைந்தும் போனது. 190ஆம் பக்கத்தில் குதிரை படுத்துத் தூங்குகிறது. பெரிதாகப் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் "கிடையாது!" என்று எழுதி வைத்திருந்தேன். சிட்டு படுத்து நான் பார்த்ததே இல்லை. குதிரை படுத்தால் பாடைக்குத்தான் என்று தாத்தாவே சொல்வார். சொந்தக்காரப் பெண்ணிடம் கேட்டால், நின்றபடி அரைத்தூக்கம்தான் போடும், அதற்கு ஏற்ற மாதிரி கால் மூட்டைப் பூட்டிக்கொள்ளும், ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும் என்கிறாள். கொஞ்ச நேரம்தான், பெரும்பாலும் ராத்திரியில், அதுவும் பயமில்லாத இடத்தில். ஆறாங்கிளாஸ் பிள்ளை நடுராத்திரியில் எழுந்து போய்த் தொழுவத்தைப் பார்த்திருப்பாளா? குதிரைக்காரர் பேத்தி என்ற மிதப்பில், எனக்குத் தெரியாததைத் தப்பு என்று குறித்துவிட்டேன். ரப்பரால் அழித்தேன். பென்சிலில் எழுதுவது நல்லது, பேனாவை எடுக்காதீர்கள்.

அதற்குப் பிறகு வட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாம் முறை படித்தேன். ஏன் ஏமாந்தேன் என்பது அப்போதுதான் பிடிபட்டது. இந்த நாவலில் குதிரைக்கு வேலை இருக்கிறது, குதிரைக்கு நாள் இல்லை. ஓடும், ஜெயிக்கும், சாகும், பிடரி பறக்கும். காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி வரை அது என்ன செய்யும், யார் லத்தி அள்ளுவது, கொள்ளுக்கு யார் காசு கொடுப்பது, ஒரு நாளைக்கு நாலைந்து குடம் தண்ணீரை யார் சுமப்பது, ஒன்றும் கிடையாது. கிண்டி லாயத்தில் நூறு பக்கம் நடக்கிறது கதை. கூட்டுகிற விளக்குமாறு ஒன்று கண்ணில் படவில்லை.

இருக்கிற கதையைக்கூட எடுக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்கோ போலோ குதிரைகளைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அரபிக் கரைகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வருகிறது. அரசர்கள் தங்கமாகக் கொட்டி வாங்குகிறார்கள். பராமரிக்கத் தெரியாததால் வருஷம் திரும்புவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போகின்றன. அரிசிச் சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் கொடுக்கிறார்கள். லாடமும் வைத்தியமும் தெரிந்த ஆட்களை வணிகர்கள் கூட்டி வருவதில்லை, தாங்களாக வருகிறவர்களையும் விடுவதில்லை; குதிரைகள் செத்துக்கொண்டிருந்தால்தானே அடுத்த வருஷமும் விற்கலாம். அவர் சொன்னது எவ்வளவு தூரம் அப்படியே உண்மை என்பதை வரலாற்றுக்காரர்கள் விசாரிக்கட்டும். ஆனால் காயலில் ஒரு லாயக் கண்காணிப்பாளனை நாயகனாக வைத்துவிட்டு, அவன் கண் முன்னால் ஒரு குதிரைகூட நோயில் விழாமல் 200 பக்கம் எழுத எப்படி மனசு வந்தது? கப்பலில் வந்து, வெயில் தாங்காமல், பழக்கமில்லாத தீனியை முகர்ந்து பார்த்துத் தலையைத் திருப்பிக்கொள்கிற ஒரு குதிரை போதுமே. நாவலில் அரபிக் குதிரைகள் மின்னிக்கொண்டே இருக்கின்றன.

கிண்டிப் பகுதியிலும் அப்படித்தான். குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாட்டில் 1974இல் சட்டம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், இது சூது அல்ல, திறமை சார்ந்தது என்று 1996இல்தான் தீர்ப்பானது. நாயகன் ஜாக்கியாக இருப்பது நடுவில் உள்ள அந்த வருஷங்களில். தலைக்கு மேல் வழக்கு தொங்குகிறது. லாயத்தில் ஒருவர்கூட அதைப் பற்றி டீக்கடையில் பேசிக்கொள்வதில்லை.

இப்போது புத்தகம் வாங்கும் முறையை மாற்றிக்கொண்டேன். முதல் பக்கம் யாருக்கும் நன்றாகத்தான் அமையும். பத்து தடவை திருத்தியிருப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு தாண்டி, ஒன்றும் நடக்காத ஒரு பக்கமாகப் பார்த்து நின்றபடியே படிக்கிறேன். சண்டை, காதல், சாவு இருக்கிற பக்கம் வேண்டாம். சாப்பிடுகிற, காத்திருக்கிற, கடைக்குப் போகிற பக்கம். ஸ்டாலில் இருக்கிற பையன் முறைத்தால் முறைக்கட்டும். 400 பக்கத்துக்கு மேல் போகிற புத்தகமென்றால் முதலில் நூலகம்தான். சிம்மக்கல் நூலகம் கடைக்குப் பக்கம், 2023இல் புதுநத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூலகத்துக்குப் போனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையே ஓடிவிடும். படித்துப் பிடித்தால் வாங்கி வைத்துக்கொள்ளலாம், ஓடியா போகப்போகிறது.

கடைக்குக் கதை தட்டச்சு செய்ய வருகிறவர்களிடமும் இப்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. போன மாதம் ஒரு தம்பி உப்பளத்தைப் பற்றிய கதை கொண்டுவந்தார். நாலு பக்கத்துக்கு உப்பு வகைகளின் பெயர். "தம்பி, நீங்க உப்பளத்துல எவ்வளவு நேரம் நின்னீங்க?" என்றேன். நிற்கவில்லையாம், படித்தாராம். ஒரு நாள் காலை ஐந்து மணிக்குப் போய் மத்தியானம் வரை சும்மா நின்றுவிட்டு வாருங்கள், யாரையும் பேட்டி எடுக்க வேண்டாம், யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், காலில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள் என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் போனார். திரும்பி வருவாரா, வேறு கடைக்குப் போவாரா, பார்க்க வேண்டும்.

ஊருக்கு உபதேசம் சொல்லிவிட்டு நான் சும்மா இருந்தால் எப்படி? செல்லூர்ப் பக்கம் ஒரு பாய் கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டும் குதிரையும் விடுகிறார் என்று தெரிந்து, ஒரு காலை நேரம் நாவலையும் எடுத்துக்கொண்டு போனேன். எழுபது வயதிருக்கும். முதல் நாள் ராத்திரி ஊர்வலம் போய்விட்டு வந்த வெள்ளைக் குதிரை ஒன்று வேப்பமரத்தடியில் நின்றது. நெற்றியில் ஜிகினாத் தூள் இன்னும் ஒட்டியிருந்தது. அட்டையில் இருந்ததும் வெள்ளைக் குதிரைதான், ஆனால் இதன் முழங்கால் மஞ்சள் பாரித்து, வாலில் வைக்கோல் சிக்கியிருந்தது. பாய் அதன் முன்னங்காலை மடக்கித் தூக்கி, வளைந்த கம்பியால் குளம்புக்குள் அடைந்திருந்த மண்ணையும் லத்தியையும் கிளறிக்கொண்டிருந்தார். குளம்புக்கு நடுவில் முக்கோணமாக மெத்தென்று ஒரு பாகம் உண்டு. அதன் ஓரத்தில் ஒரு சின்ன ஜல்லிக்கல் மாட்டியிருந்தது. அதை நகத்தால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இதோட நைட்டு முழுக்க பேண்டு செட்டுக்கு நடந்துருக்கு பாருங்கம்மா." குதிரை, கழுத்தை அசைக்காமல் தோளில் தோலை மட்டும் சிலிர்த்து ஓர் ஈயை விரட்டியது.

லாடம் அடிக்கும் பக்கத்தை வாசித்தேன். பாய் சிரித்த சிரிப்பில் குதிரை காதைத் திருப்பிப் பார்த்தது. வாந்தியைச் சொன்னதும் "எழுதுனவுக நல்லாருக்கட்டும்" என்றார். அப்புறம் 212ஆம் பக்கத்தை வாசித்தேன். வண்டிக்காரர் தினமும் ஒரு வயதான டாக்டரை வீட்டிலிருந்து ஏற்றிப்போவார். டாக்டர் இறந்துபோகிறார். அடுத்த நாள் வேறு சவாரி ஏற்றிக்கொண்டு அந்தத் தெரு வழியாகப் போகும்போது, குதிரை தானாக அந்த வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது. சவுக்கை எடுத்தும் நகரவில்லை. யாரோ ஏறி உட்கார்கிற நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் நின்றுவிட்டு, தானாகவே கிளம்புகிறது.

பாய் சிரிக்கவில்லை. கம்பியைக் கீழே வைத்தார். "இது நெசம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்புறம் அந்தக் குதிரை என்னாச்சு?" என்று கேட்டார்.

"வண்டிக்காரர் செத்துப்போறாரு பாய். பையன் வண்டியை வித்துட்டு மெட்ராஸுக்குப் போயிடுறான்."

"குதிரை?"

பக்கத்தைப் புரட்டினேன். 212க்குப் பிறகு அது எங்கேயும் வரவில்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் புரட்டினேன். "அதுக்கப்புறம் எழுதலை பாய்."

"எழுதலைன்னா? வாங்குனது யாரு? தீனி யாரு போடுறா அதுக்கு?" நாவலை எழுதியது நான்தான் என்பது போல என்னைப் பார்த்துக் கேட்டார். அப்புறம், பேச்சை மாற்றுவதாக நினைத்து, "ஒங்க தாத்தாகூட வண்டி ஓட்டுனவருன்னீகளே, அவரு குதிரையை யாரு வாங்குனா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. மேலே நானே எழுதியிருக்கிறேன் பாருங்கள், வண்டியும் குதிரையும் கைமாறின என்று. அவ்வளவுதான் இத்தனை வருஷமாக எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். அவருக்கு 84 வயது. டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு யோசித்தார்.

"திருமங்கலத்துக்காரர் ஒருத்தர். செங்கல் சூளைக்குன்னு ஓட்டிட்டுப் போனாரு."

"எந்தச் சூளைப்பா?"

"அது யாரு கேட்டா அப்ப" என்றார் அப்பா.